மீன் வளர்ப்பில் தீவனத் திறனையும் வளர்ச்சியையும் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தீவனம் போட்டு மீன் வளர்க்கும் பண்ணைகளில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும். அதனால்தான் பண்ணையாளர்கள் சந்தித்துக்கொண்டால் 'எஃப்.சி.ஆர் எவ்வளவு வருது?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் 1.2 என்பார், இன்னொருவர் 1.8 என்பார். எப்படி அளந்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தீவனமும் மீனும் ஒன்றாகவே இருந்தாலும் அளக்கும் விதத்தை மாற்றினாலே இப்படி இரண்டு எண்கள் வரும் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

எஃப்.சி.ஆர் எனப்படும் தீவன மாற்று விகிதம் ஒரு சாதாரண வகுத்தல்தான். போட்ட தீவனத்தின் எடையை, மீன்களின் மொத்த எடை எவ்வளவு கூடியதோ அதால் வகுக்க வேண்டும். எண் குறைவாக வந்தால் நல்லது. வகுத்தலில் மேலே வரும் தீவன எடையை மூட்டைக் கணக்கை வைத்தே ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். சிக்கல் கீழே வரும் எண்ணில், அதாவது எடைக் கூடுதலில். தண்ணீருக்குள் எத்தனை மீன் உயிரோடு இருக்கிறது, ஒரு மீன் சராசரியாக எத்தனை கிராம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அது கிடைக்கும். இரண்டையுமே நேரில் பார்க்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தக் கீழ் எண்ணைப் பற்றியதாகவே இருக்கும்.

குஞ்சு விடும் நாளிலேயே கணக்கு தொடங்குகிறது

குஞ்சுப் பொரிப்பகத்தில் சொன்ன எண்ணிக்கையை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். பைக்கு இத்தனை என்பது பெரும்பாலும் மதிப்பீடுதான். ஒவ்வொரு குஞ்சையும் எண்ண வேண்டியதில்லை. கலந்து நிற்கும் குஞ்சுகளிலிருந்து மூன்று தடவை அள்ளி, ஒவ்வொரு தடவையும் எண்ணி எடை போடுங்கள். அதிலிருந்து ஒரு குஞ்சின் சராசரி எடை தெரியும். மொத்தக் குஞ்சுகளையும் எடை போட்டு அந்தச் சராசரியால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். மூன்று தடவையும் சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாக வேறுபட்டால் குஞ்சுகள் அளவு பிரிக்கப்படாமல் கலந்து வந்திருக்கின்றன என்று அர்த்தம்.

பயணக் களைப்பில் வரும் இறப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் நடக்கும். குளத்தின் அடியில் செத்துக் கிடப்பது கண்ணில் படாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விடும்போதே 100 குஞ்சுகளை எண்ணி, அதே குளத்துக்குள் பெட்டி போலக் கட்டிய ஹாப்பா வலையில் தனியாக விட்டுவையுங்கள். மூன்றாம் நாள் எண்ணினால் குளத்துக்குள் ஏறக்குறைய எத்தனை சதவீதம் தப்பியிருக்கும் என்று தெரிந்துவிடும். விட்ட குஞ்சுகளில் அத்தனை சதவீதத்தைத்தான் தொடக்க எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீவனக் கணக்கு

தினமும் போட்ட தீவனத்தை எடை போட்டு எழுதுவதுதான் சரி. 'ரெண்டு வாளி' என்று எழுதினால் அது கணக்காகாது. காலையில் ஒரு நாளுக்கான தீவனத்தை எடை போட்டு வைத்துக்கொண்டு, மாலையில் மீதியை எடை போட்டுக் கழிப்பது சுலபமான பழக்கம். மூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள். அது தண்ணீரில் கரைந்து போவதே அதிகம்.

போட்டதும் தின்றதும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குளத்தில் நாம் அளப்பது போட்ட தீவனத்தை மட்டுமே. மிதக்கும் தீவனம் என்றால் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மிதப்பதைப் பார்த்து அடுத்த வேளையைக் குறைக்கலாம். மூழ்கும் தீவனத்துக்குத் தட்டு கட்டி இறக்கி, தூக்கிப் பார்க்க வேண்டும். தொட்டியில் வளர்த்தால் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, உலர்த்தி எடை போட்டுக் கழிக்க முடியும். ஆனால் உறிஞ்சி எடுத்ததை ஈரத்தோடு எடை போட்டால் தப்பாகிவிடும்.

பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருண்டையாகப் போடுகிறவர்கள் ஈரத்தைக் கட்டாயம் கழிக்க வேண்டும். 40 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ உருண்டையில் உலர்ந்த பொருள் 60 கிலோதான். கடைத் தீவனத்தில் சுமார் 10 சதவீதம் ஈரம் இருக்கும். அந்தக் கணக்குக்கு மாற்றினால் 60-ஐ 0.9-ஆல் வகுத்து 66.7 கிலோ என்று எழுத வேண்டும். இப்படி மாற்றாமல் ஒருவருடைய உருண்டைத் தீவனத்தின் விகிதத்தையும் இன்னொருவருடைய குருணைத் தீவனத்தின் விகிதத்தையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

மாதிரி எடை: எல்லாம் தங்கியிருக்கும் இடம்

எடை போடுவதற்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் 12 முதல் 24 மணி நேரம் போதும். குளிர்ந்த நீரில் செரிமானம் மெதுவாக நடப்பதால் கூடுதல் நேரம் வேண்டும். வயிறு நிறைந்த மீனின் எடையில் தீவனமும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம் பட்டினி போடுவதும் முக்கியம். போன தடவை வயிறு காலி, இந்தத் தடவை பாதி நிறைவு என்றால் அந்த வித்தியாசம் வளர்ச்சியாகக் கணக்கில் ஏறிவிடும்.

நேரம்: குளத்தில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் வலை போட்டால் மீன் தாங்காது. வெயில் ஏறி ஆக்சிஜன் தேறியபின், சூடு அதிகமாவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது எங்கே பிடிப்பது என்பது. தீவனம் போடும் இடத்தில் இரண்டு பிடி போட்டு, கூடும் மீன்கள் மேல் வீச்சு வலை வீசிப் பிடிப்பதுதான் பலரும் செய்வது. அது வசதிதான். ஆனால் முதலில் ஓடி வருவது பெரும்பாலும் பெரிய, துணிச்சலான மீன்கள். அந்தச் சராசரி குளத்தின் சராசரி ஆகாது. எடை அதிகமாகத் தெரியும், மாற்று விகிதம் அழகாக வரும், அறுவடையில் கணக்கு உதைக்கும். முடிந்தால் இழுவலையை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை இழுத்து மீன்களை நெருக்கி, அதிலிருந்து கைவலையால் அடியிலிருந்து மேல்நோக்கி அள்ளுங்கள். வீச்சு வலைதான் இருக்கிறது என்றால், தீவனம் காட்டாமல் ஐந்தாறு வெவ்வேறு இடங்களில் வீசுங்கள்.

கைவலையில் வந்த அத்தனை மீனையும் எடை போட வேண்டும். '50 ஆயிடுச்சு, போதும்' என்று பாதியில் நிறுத்தினால், கைக்குச் சிக்காமல் வலையடியில் நழுவிக்கொண்டிருக்கும் மீன்கள் விட்டுப்போகும். அவை பொதுவாகச் சின்னவை.

எடை போடும் முறை எளிது. வாளியில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கைவலையில் தண்ணீர் வடிந்ததும் மீன்களை வாளியில் விட்டு எடையைக் குறித்துக்கொண்டு, திரும்பக் குளத்தில் விடும்போது எண்ணுங்கள். வலையில் ஒட்டி வரும் தண்ணீர் 500 கிராம் மீனுக்குப் பொருட்டில்லை, 10 கிராம் குஞ்சுக்கோ பெரிய பிழை. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம் வடிய விடுங்கள்.

எத்தனை மீன் வேண்டும்? இது குளத்தின் அளவைப் பொறுத்ததல்ல, மீன்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. இதற்காகவே அவ்வப்போது 50 மீன்களைத் தனித்தனியாக எடை போட்டுத் திட்ட விலக்கத்தை (எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவை) கண்டுபிடித்து, அதைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். இது மாறுபாட்டுக் கெழு. அது 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30 மீன் எடை போட்டால் சராசரியில் ஏறக்குறைய 9 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 100 மீன் என்றால் 5 சதவீதம். அதையும் பாதியாக்க 400 மீன் வேண்டும். அந்த உழைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. 100 மீனை ஒழுங்காகப் பிடிப்பது 400 மீனை ஒரே மூலையில் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

சிறு குஞ்சுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பெரிய மீன்களுக்கு மாதம் ஒரு முறை போதும். ஒவ்வொரு வலை வீச்சுக்குப் பிறகும் மீன் சரியாகத் தின்னாது. செதில் உரியும், நோய்க்கும் வழி திறக்கும். தனித்தனியாக நீளமும் எடையும் எடுப்பதானால் கிராம்பு எண்ணெய் அல்லது டிரைகெயின் கலந்த நீரில் மயக்கி எடுக்கலாம். ஆனால் சீக்கிரம் விற்கப்போகும் மீனில் இதைச் செய்யும்முன் உங்கள் நாட்டின் விதிமுறையைப் பாருங்கள்.

செத்தது எத்தனை

மிதந்து வந்ததை எண்ணி எழுதுவது அவசியம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பறவை கொத்திப் போனது, அடியில் அழுகியது, பெரியது தின்ற சின்னது எதுவும் உங்கள் நோட்டில் இருக்காது. கரையில் எடுத்த சடலங்கள் உண்மையான இறப்பில் ஒரு பகுதிதான். செத்த மீனை எடை போட்டு எழுதும் பழக்கமும் வேண்டும். ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

திலேப்பியா வளர்ப்பவர்களுக்குத் தலைகீழான தொல்லையும் உண்டு. குளத்திலேயே குஞ்சு பொரித்தால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். புதுக் குஞ்சுகளும் தீவனம் தின்னும், தாய் மீனின் வளர்ச்சி முட்டைக்குப் போகும், நீங்கள் விட்ட எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு எதிலும் ஒட்டாது.

இப்போது கணக்கு

ஒரு திலேப்பியா நாற்றங்கால் குளம். 20 கிராம் குஞ்சுகள் 5,000, மொத்தம் 100 கிலோ. 60 நாள் கழித்து எல்லாவற்றையும் எண்ணி வேறு குளத்துக்கு மாற்றும்போது 4,600 மீன்கள், சராசரி 150 கிராம், மொத்தம் 690 கிலோ. போட்ட தீவனம் 850 கிலோ. தண்ணீரின் சராசரி வெப்பம் 28 டிகிரி செல்சியஸ்.

எடைக் கூடுதல் 690 − 100 = 590 கிலோ. தீவன மாற்று விகிதம் 850 ÷ 590 = 1.44.

செத்த 400 மீனும் சாகும்வரை தின்றவைதான். அவற்றின் சராசரி எடை 60 கிராம் என்றால் 24 கிலோ. அதையும் கூடுதலில் சேர்த்தால் 850 ÷ 614 = 1.38. முதல் எண் பணத்துக்கானது, அதாவது கையில் வந்த மீனுக்கு எவ்வளவு தீவனம் ஆனது என்பது. இரண்டாவது எண் தீவனம் எப்படி வேலை செய்தது என்று காட்டுவது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் குற்றம் தீவனத்தில் இல்லை, இறப்பில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமலே தீவனக் கம்பெனியை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

இறப்பையே கணக்கில் எடுக்காமல் 5,000 மீனும் இருக்கிறது என்று நம்பினால் என்ன ஆகும்? 750 − 100 = 650 கிலோ, விகிதம் 1.31. மீன் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, எண் மட்டும் அழகாகிவிட்டது. கூடவே, இல்லாத 400 மீனுக்கும் சேர்த்துத் தினசரித் தீவனம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு வாரக் கணக்கு ஏன் ஏமாற்றும்

அதே குளத்தில் கடைசி 14 நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சராசரி 104 கிராமிலிருந்து 150 ஆனது. 4,600 மீனுக்குக் கூடுதல் 211.6 கிலோ. தீவனம் 320 கிலோ. விகிதம் 1.51.

இப்போது இந்த இரண்டு சராசரிகளும் 100 மீன் மாதிரியில் கிடைத்தவை, ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எடை 5 சதவீதம் குறைவாகவும் இரண்டாவது 5 சதவீதம் அதிகமாகவும் வந்துவிட்டால் விகிதம் 1.19. நேர்மாறாக வந்தால் 2.09. குளம் அதேதான். ஒரு எண் இனிப்பு வாங்கச் சொல்லும், இன்னொன்று குளத்தை மூடச் சொல்லும்.

60 நாளுக்கும் சேர்த்துப் பார்த்தால், கடைசி எடையில் அதே 5 சதவீதப் பிழை இருந்தாலும் விகிதம் 1.36-க்கும் 1.53-க்கும் நடுவில்தான் ஆடும். காரணம் எளிது. கூடுதல் பெரிதாகப் பெரிதாக, அதில் அளவைப் பிழையின் பங்கு சுருங்குகிறது. ஆகவே குஞ்சு விட்ட நாளிலிருந்து இன்றுவரை சேர்த்த விகிதத்தை வைத்தே முடிவெடுங்கள். இரண்டு வார விகிதத்தையும் எழுதிவையுங்கள், ஆனால் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை ஒரே பக்கம் போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

வளர்ச்சிக்கு எந்த அளவுகோல்

ஒரு நாளைய சராசரி வளர்ச்சி: 130 கிராமை 60 நாளால் வகுத்தால் 2.17 கிராம். புரிவதற்கு எளிது, பண்ணையில் இதுவே போதும் என்பேன். ஆனால் சின்ன மீனையும் பெரிய மீனையும் இதில் ஒப்பிட முடியாது.

தன்வளர்ச்சி வீதம்: ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.ஜி.ஆர். கடைசி எடையின் இயல் மடக்கையிலிருந்து (கால்குலேட்டரில் ln) முதல் எடையின் இயல் மடக்கையைக் கழித்து, நாட்களால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். நம் குளத்துக்கு நாளுக்கு 3.36 சதவீதம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதன் குறை, மீன் பெரிதாகும்போது தானாகவே இறங்கிவிடும். முதல் 14 நாளில் 20 கிராம் 37 ஆகியிருந்தால் 4.39 சதவீதம். கடைசி 14 நாளில் 104 கிராம் 150 ஆனது 2.62 சதவீதம். வளர்ச்சி படுத்துவிட்டது என்று பதறத் தேவையில்லை, மீன் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

வெப்ப வளர்ச்சிக் கெழு: இந்த இறக்கத்தையும் வெப்பநிலையையும் ஒருசேரக் கணக்கில் எடுப்பது இது. கடைசி எடையின் கனமூலத்திலிருந்து முதல் எடையின் கனமூலத்தைக் கழியுங்கள். நாட்களையும் சராசரி வெப்பநிலையையும் பெருக்கி அதால் வகுத்து, 1000-ஆல் பெருக்குங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு 1.58, கடைசி இரண்டு வாரத்துக்கு 1.56, 60 நாளுக்கும் சேர்த்து 1.55. ஆக மீன் தன் போக்கில் சீராகவே வளர்ந்திருக்கிறது. வெவ்வேறு பருவங்களில் வளர்த்த இரண்டு கூட்டத்தை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சால்மன் குடும்ப மீன்களுக்காக உருவான கணக்கு இது. மீனுக்கு ஒத்துவரும் வெப்ப வரம்புக்குள் மட்டுமே செல்லும். அதைத் தாண்டிச் சூடேறினால் வளர்ச்சி குறையும், கெழுவும் அர்த்தமிழந்துவிடும். இதைப் பயன்படுத்துவதென்றால் தினமும் நீர் வெப்பத்தை எழுத வேண்டும்.

உடல்நிலைக் கெழு: கிராமில் எடையை 100-ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் நீளத்தின் கனத்தால் வகுப்பது. 150 கிராம், 20 சென்டிமீட்டர் மீனுக்கு 1.88 வரும். மீன் நீளத்தில் வளர்கிறதா, சதை பிடிக்கிறதா என்று இது சொல்லும். ஒரே இனத்துக்குள், நீளத்தை வால் நுனிவரை ஒரே விதமாக அளந்தால் மட்டுமே ஒப்பிடலாம்.

புரதத் திறன் விகிதம் என்றும் ஒன்று உண்டு. எடைக் கூடுதலைப் போட்ட புரதத்தால் வகுப்பது. 30 சதவீதப் புரதத் தீவனம் 850 கிலோவில் புரதம் 255 கிலோ, ஆகவே 590 ÷ 255 = 2.31. வெவ்வேறு புரத அளவுள்ள இரண்டு தீவனங்களை ஒப்பிடும்போதுதான் இதற்கு வேலை.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

விகிதம் ஒன்றுக்குக் கீழே வந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். தீவனத்தில் ஈரம் 10 சதவீதம்தான், மீனிலோ 70 முதல் 75 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ மீனில் இருக்கும் உலர்ந்த பொருள் கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நல்ல தீவனத்தில் சிறு மீன்கள் ஒன்றுக்குக் கீழே காட்டுவது நடக்கக்கூடியதே. அதே சமயம், உரமிட்ட பச்சைக் குளத்தில் கெண்டையும் திலேப்பியாவும் மிதவை உயிரிகளையும் தின்று வளரும். அங்கே வரும் குறைந்த விகிதத்தின் பெருமையில் பங்கு குளத்துக்கும் உண்டு.

மாற்று விகிதத்தை வளர்ச்சியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தீவனத்தை வயிறு நிறைவதற்குச் சற்று முன் நிறுத்தும்போதுதான் விகிதம் பொதுவாகச் சிறப்பாக இருக்கும். வயிறு முட்டக் கொடுத்தால் வளர்ச்சி கொஞ்சம் கூடும், விகிதம் மோசமாகும். ரொம்பவும் குறைத்தால் தின்றதெல்லாம் உயிர் தாங்கவே செலவாகி, வளர்ச்சியும் போய் விகிதமும் கெடும். வளர்ச்சி நன்றாக இருந்து விகிதம் மோசம் என்றால் தீவனம் வீணாகிறதா என்று தட்டைப் பாருங்கள். இரண்டுமே மோசம் என்றால் முதலில் ஆக்சிஜன் மீட்டரை எடுங்கள், பிறகு நோய், அப்புறம்தான் தீவனத்தின் தரம். வெப்ப நீர் மீன்கள் பலவும் ஆக்சிஜன் லிட்டருக்கு 3, 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தீவனத்தைச் சரியாகத் தொடாது. மாறுபாட்டுக் கெழு மாதாமாதம் ஏறினால், பெரியவை தீவனத்தை மறித்துக்கொள்கின்றன. அளவு பிரித்து விட வேண்டிய நேரம் அது.

இரண்டு தீவனங்களை ஒப்பிட நினைத்தால்

ஒரு தொட்டியில் இது, இன்னொரு தொட்டியில் அது என்று போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தொட்டிக்குத் தொட்டியே வித்தியாசம் உண்டு. ஒரு தீவனத்துக்கு மூன்று தொட்டியாவது வேண்டும், எந்தத் தொட்டிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தொட்டிக்கு 200 மீன் இருந்தாலும் கணக்கில் அது ஒரே ஒரு அளவீடுதான். மீன்களை இரண்டு வாரம் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள். முன்பு பட்டினி கிடந்த மீன் தீவனம் கிடைத்ததும் வேகமாக வளர்ந்து ஈடுகட்டும், அந்தப் பெருமை புதுத் தீவனத்துக்குப் போய்விடக் கூடாது. எடை இரண்டு மடங்காவது ஆகும்வரை நடத்துங்கள்.

அறுவடை நாள் கணக்கு

மொத்த மீனையும் எடை போடுங்கள். நடுவே நாலைந்து கூடைகளை மட்டும் எண்ணியும் எடை போட்டுச் சராசரியைக் கண்டுபிடியுங்கள். மொத்த எடையை அந்தச் சராசரியால் வகுத்தால் உண்மையில் எத்தனை மீன் மிஞ்சியது என்று தெரிந்துவிடும். இடையில் பகுதி அறுவடை செய்திருந்தால் அந்த மீன்களின் எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். இப்போது நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, கடைசி மாதிரி எடையையும் அறுவடைச் சராசரியையும் பக்கத்தில் வையுங்கள். மாதிரி எப்போதும் கூடுதலாகவே காட்டியிருந்தால் உங்கள் வலை பெரிய மீன்களையே தேடிப் பிடிக்கிறது. நோட்டில் எழுதிய இறப்புக்கும் உண்மை இறப்புக்கும் உள்ள இடைவெளியை அடுத்த பருவத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, தொடக்கத்திலிருந்தே எண்ணிக்கையில் கழித்துக்கொண்டு வாருங்கள். தினசரித் தீவன அளவையும் அந்தக் குறைந்த எண்ணிக்கையை வைத்தே போடுங்கள்.